அப்பா ஏன் நடக்க மறுக்கிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். உப்பைக் குறைக்கச் சொன்னால் கோபப்படுகிறார். நடைப்பயிற்சிக்கு அழைத்தால், "இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது" என்கிறார். நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்பது அவருக்கு ஏன் புரியவில்லை?

பதில்: அன்புள்ள சகோதரி, அது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். ஆனால் உங்களை விரல் பிடித்து நடக்கப் பழக்கியவரிடம், நீங்கள் தினமும் "நடங்கள், நடங்கள்" என்று சொல்லும்போது, அதிலுள்ள அதிகாரம்தான் அவர் காதில் முதலில் விழுகிறது.

வயது ஏற ஏற நாவின் சுவையுணர்வும் மூக்கின் மோப்பத் திறனும் மங்குகின்றன. சில மாத்திரைகளும் சுவையை மாற்றிவிடும். உங்களுக்குச் சரியாக இருக்கும் உணவு அவருக்குச் சப்பென்று இருந்தால், அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே, உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை ஒரே நாளில் எட்ட முயலாமல், சில வாரங்களில் சிறிது சிறிதாக, அவருக்கு மட்டுமன்றி வீட்டில் எல்லோருக்குமே குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளோடு அது சேரும்போது, ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடலாம்.

நடக்க மறுப்பதற்கு அவர் சொல்லும் காரணம் முழுமையானதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுவதை ஒருமுறை கவனியுங்கள். இரு கைகளையும் ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி, இரண்டாம் முயற்சியில் எழுகிறாரா? எழுந்தவுடன் சுவரைத் தொட்டுக்கொள்கிறாரா? அப்படியானால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைத்தான் அவர் சலிப்பான பேச்சால் மூடி மறைக்கிறார். முழங்கால் வலியாகவோ, வழியில் சிறுநீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற சங்கடமாகவோகூட இருக்கலாம்; பெற்ற பிள்ளையிடம் இவற்றைச் சொல்ல எந்தத் தகப்பனுக்கும் எளிதில் வாய் வராது. எழும்போது தலை சுற்றுகிறது என்றால், அது மாத்திரையின் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்றாலும், அந்த எண்ணை இப்போது அவரிடம் சொல்ல வேண்டாம். சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து எழுவதை, நீங்களும் அருகில் இருந்து, ஐந்து முறை செய்யத் தொடங்கினால் போதும். தொடைகளுக்கு வலு கூடும்போது பயமும் குறையும். பிறகு ஒரு மாலையில், "தனியாக நடக்கப் பிடிக்கவில்லை அப்பா, கூட வாருங்களேன்" என்று கேளுங்கள். எந்த வழியில் போவது, எங்கே திரும்புவது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கட்டும். அவருடைய வேகத்துக்கே நடந்து செல்லுங்கள். அந்த நேரத்தில் உப்பைப் பற்றிப் பேசாதீர்கள்.