சர்வரில் மட்டும் பில்டு உடைவது பற்றி

வணக்கம். உங்கள் கணினியில் ஓடும் அதே நிரல் சர்வரில் பில்டு ஆகும்போது (அதாவது இயங்கத்தக்க வடிவில் தயாராகும்போது) மட்டும் உடைகிறது என்றும், நிறுவிய தொகுப்புகளின் துல்லியமான பதிப்புகளைப் பதிவு செய்யும் பேக்கேஜ்-லாக் கோப்பைக் கிட்இக்னோரில் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலில்) சேர்த்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அந்தக் கோப்பு சர்வரில் இல்லாததுதான். தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் ஒரு தொகுப்புக்கு ^1.4.2 என்று இருந்தால், 2.0.0-க்குக் கீழே அன்றைக்கு வெளியாகியிருக்கும் புதிய பதிப்பைத் தொகுப்புகளை நிறுவும் கருவியான என்பிஎம் எடுத்துக்கொள்ளும் என்பதால், நீங்கள் சில மாதங்களுக்கு முன் நிறுவியதும் சர்வர் இன்று நிறுவுவதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் நேரடியாகக் குறிப்பிடாத உள்சார்புகளுக்கும், அதாவது உங்கள் தொகுப்புகள் தமக்காகச் சார்ந்திருக்கும் பிற தொகுப்புகளுக்கும், இது பொருந்தும். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தயவுசெய்து லாக் கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்காதீர்கள். அப்படிப் பலரும் அறிவுரை சொல்வார்கள். ஆனால், சரியாக ஓடும் பதிப்புகளின் ஒரே பதிவு உங்கள் கணினியில் உள்ள அந்தக் கோப்புதான். அதைக் கிட்இக்னோரிலிருந்து எடுத்து, அப்படியே கிட்டில் கமிட் (பதிவு) செய்துவிட்டு, சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளைக்குப் பதிலாக 'என்பிஎம் சிஐ' கட்டளையைப் பயன்படுத்துங்கள். 2018-இல் வந்த இக்கட்டளை, தொகுப்புகள் நிறுவப்படும் நோட்-மாட்யூல்ஸ் அடைவை முதலில் நீக்கிவிட்டு, லாக் கோப்பில் உள்ள பதிப்புகளை மட்டுமே நிறுவும், பேக்கேஜ்.ஜேசனோடு அது முரண்பட்டால் தானாகத் திருத்தாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

அதன் பிறகும் உடைந்தால், இரு இடங்களிலும் நோட் (உங்கள் நிரலை இயக்கும் மென்பொருள்) பதிப்பு ஒன்றுதானா என்று பார்த்து, பிழைச் செய்தியை முழுமையாக இங்கே இடுங்கள்.