யூக்ளிட் அவென்யூ

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒகாயோ மாநிலம் கொலம்பஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நண்பர்கள் கூடினால் எங்களுக்குள் ஒரு சண்டை நிச்சயம்: கொலம்பஸ், பிட்ஸ்பர்க், கிளீவ்லாண்ட், இதில் எது செல்வாக்கான ஊர்? மக்கள்தொகையில் நாங்கள்தான் முதலிடம், 9 லட்சத்துக்கு மேல். பிட்ஸ்பர்க்காரர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தையும் ரோபோக்களையும் காட்டுவார்கள். கிளீவ்லாண்ட் நண்பர் மட்டும் தியாகராஜ உற்சவத்துக்கு எல்லோரையும் அழைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். கிளீவ்லாண்டின் கதை முடிந்துவிட்டது என்பது என் கட்சி. சரிதானே?

ஒரு வாசகர், கொலம்பஸ்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 9 லட்சத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 1950களில் உங்கள் ஊர் மேயர் சென்சன்பிரென்னர் ஒரு காரியம் செய்தார். மாநகரத் தண்ணீர் வேண்டும் என்று கேட்ட சுற்றுப்புறங்களை, மாநகரத்தோடு இணைந்தால்தான் குழாய் வரும் என்று சொல்லி மடக்கினார். எல்லை வளர்ந்துகொண்டே போனது. மற்ற இரண்டு ஊர்களையும் புறநகர்கள் நெருக்கிவிட்டதால் அவற்றால் அப்படி வளர முடியவில்லை. புறநகர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், மூன்றுமே 20 லட்சத்துக்குச் சற்று மேல்தான்.

பிட்ஸ்பர்க்கைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் பெருமைகள் எல்லாமே பெயர்ப்பலகையோடு நிற்பவை. கார்னகி, மெலன், ஹைன்ஸ் என்று சுவருக்குச் சுவர் எழுதியிருக்கும். இன்றைய பொருளாதாரம்தான் அளவுகோல் என்றால் என் ஓட்டும் அதற்கே. கிளீவ்லாண்டில் 1950இல் 9 லட்சத்து 14 ஆயிரம் பேர் இருந்தார்கள், 2020இல் 3 லட்சத்து 72 ஆயிரம். அமெரிக்காவின் மிக ஏழையான பெரிய நகரங்களைப் பட்டியல் போட்டால் பல வருடங்களாக அது தவறாமல் இடம்பெறுகிறது.

ஆனால் நீங்கள் கேட்டது செல்வாக்கைப் பற்றி. கிளீவ்லாண்டிலிருந்து வெளியே போனவற்றில் பலவும் ஊர்ப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவை. ராக்கஃபெல்லரின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் 1870இல் அங்கே பிறந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. சூப்பர்மேனைக் கற்பனை செய்தவர்கள் அந்த ஊர்ப் பையன்கள் இருவர். 1938இல் 130 டாலருக்கு உரிமையை நியூயார்க் பதிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தார்கள்.

யூக்ளிட் அவென்யூ என்ற ஒரே சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்களேன். ராக்கஃபெல்லரின் வீடு இருந்தது இதில்தான். 1914 ஆகஸ்டில் மின்சாரப் போக்குவரத்து விளக்கு வைத்ததும் இந்தச் சாலையின் ஒரு சந்திப்பில்தான். 1967இல் அர்ஜென்டினாக்காரரான ஃபவலோரோ, காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைக்கும் பைபாஸ் முறைக்கு வழி திறந்த கிளீவ்லாண்ட் கிளினிக்கும் இங்கேதான். சாலையிலிருந்து கொஞ்சம் நடந்தால் கலை அருங்காட்சியகம். உள்ளே சோழர் காலத்து நடராசர் நிற்கிறார். பார்க்கக் காசு கிடையாது.

கிழக்கே போனால் இதே பெயரில் ஒரு புறநகர் வரும். கிரேக்கக் கணித மேதையின் பெயரை அதற்கு வைத்தவர்கள் நில அளவைக்காரர்கள். வீடு இங்கே, கடை அங்கே, ஆலை அதற்கும் அப்பால் என்று அந்தச் சிற்றூர் 1922இல் சட்டம் போட்டது. ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் வழக்குப் போட, 1926இல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு அமெரிக்கா முழுக்க அதே பாணிதான். ஒரு பால் பாக்கெட் வாங்க நீங்கள் காரை எடுக்க வேண்டியிருக்கிறதே, அதில் இந்த வழக்குக்கும் பங்குண்டு. சொன்னால் கொலம்பஸில் யார் நம்புவார்கள்!

உங்கள் நண்பர் அழைக்கிற உற்சவம் 1978இல் தொடங்கியது. அது பல வருடங்கள் நடந்த கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகமும் யூக்ளிட் அவென்யூவில்தான் இருக்கிறது. ஒருமுறை போயிருக்கிறேன். வசந்தம் என்று பெயர்தான், குளிர் எலும்பைத் துளைத்தது. பட்டுப்புடவைக்கு மேல் கனத்த கோட்டு, கோட்டுப் பையில் சுருதிப் பெட்டி, தாழ்வாரத்தில் பாட்டு வரி மறந்துபோன மகளை முறைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. இசை கேட்ட கையோடு திரும்பிவிட்டேன், பக்கத்திலேயே இருந்த ஒரு தெருமுனையைப் பார்க்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

ஹியூரான் சாலை வந்து சேரும் இடம் அது. 1963 அக்டோபர் 31, பிற்பகல். மெக்ஃபாடன் என்ற துப்பறியும் காவலர் மஃப்டியில் நின்றிருக்கிறார். இரண்டு பேர் மாறி மாறி நடந்து ஒரே கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பதைக் கவனிக்கிறார். இருவருமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை. நெருங்கிப் பெயர் கேட்கிறார், ஒருவரைத் திருப்பி நிறுத்தி மேல்கோட்டைத் தடவிப் பார்க்கிறார். உள்ளே துப்பாக்கி. அந்தத் தடவல் சட்டப்படி செல்லும் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று அமெரிக்கத் தெருவில் காவலர் ஒருவர் சந்தேகப்பட்டு யாரையாவது நிறுத்தித் தடவிப் பார்க்கிறார் என்றால் அந்த அதிகாரம் இந்த முனையிலிருந்து கிளம்பியது. அதனால் அதிகம் அவதிப்பட்டவர்கள் கறுப்பின இளைஞர்கள்.

அடுத்த முறை போகும்போது பல்கலைக்கழகத்திலிருந்து மேற்கே ஒரு கால் மணி நேரம் நடந்து அந்த முனையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கிளீவ்லாண்ட் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அனேகமாக அவருக்கும் இது தெரிந்திருக்காது.