கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: என் 7 வயது மகளுக்குப் பிறவியிலேயே கிளைகோஜன் சேமிப்பு நோய் (கல்லீரலில் சேமித்த சர்க்கரையை உடம்பு வெளியே எடுக்க முடியாத நோய்), 1பி வகை. அடிக்கடி வாய்ப்புண் வருகிறது. நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை 600-ஐத் தாண்டுவதில்லை. இப்போது டெக்சா ஸ்கேனில் எலும்பு அடர்த்தியும் குறைவு என்கிறார்கள். கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தால் போதுமா? எதிர்ப்பு சக்திக்குத் தனியாக ஏதாவது தரலாமா?

பதில்: இரண்டு சத்தும் தேவைதான். ஆனால் ரத்தச் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தால் அவை மட்டும் எலும்பைக் காப்பாற்றாது. சர்க்கரை குறையும்போது லாக்டேட் என்ற அமிலப் பொருள் ஏறி ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அதைச் சமன்செய்ய எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் போய்விடுகிறது. கூடவே கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரந்து புது எலும்பு உருவாவதையும் தடுக்கிறது. பாலும் பழமும் கட்டுப்பாட்டில் இருப்பதால் உணவில் கிடைக்கும் கால்சியமும் குறைவு. எனவே முதலில் பார்க்க வேண்டியது லாக்டேட் அளவு.

அடுத்து, சர்க்கரை இறங்காமல் இருக்க, மெதுவாகச் செரித்துக் குளுக்கோஸ் தரும் கார்ன் ஸ்டார்ச். இந்த வயதில் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 1.7 முதல் 2.5 கிராம், 4-5 மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்கள் குழந்தைக்கான அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும். சூடுபட்டால் மாவுத்துகள் உடைந்து, சர்க்கரை வேகமாக ஏறி வேகமாக இறங்கிவிடும். மில்லில் அரைத்த மக்காச்சோள மாவு இதற்கு மாற்று அல்ல.

கால்சியம் சிரப் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். சுக்ரோஸ், ஃபிரக்டோஸ், சார்பிட்டால் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். 'எதிர்ப்பு சக்தி' பவுடர்களால் நியூட்ரோஃபில் அதிகரிக்காது. பலவற்றில் சர்க்கரைதான் அதிகம்.

டெக்சா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். குள்ளமான குழந்தைகளுக்கு அந்த ஸ்கேன் அடர்த்தியைக் குறைத்தே காட்டும். உயரத்துக்கு ஏற்பத் திருத்திய இசட் ஸ்கோர் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) எவ்வளவு என்று கேளுங்கள்.

வாய்ப்புண்ணுக்குக் காரணம் வேறு. உணவில் இயல்பாக வரும் 1,5-அன்ஹைட்ரோகுளுசிட்டால் என்ற பொருள், இந்நோயில் நியூட்ரோஃபிலுக்குள் நச்சாக மாறித் தேங்குகிறது. 2019-ல் தெரியவந்த விஷயம் இது. அதைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்தை 2020 முதல் இந்நோய்க்கும் தருகிறார்கள். பலருக்கு வாய்ப்புண்ணும் குடல் அழற்சியும் குறைந்திருக்கின்றன. வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியும் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை உயர்த்தும். ஆனால் நீண்ட நாள் போட்டால் மண்ணீரல் வீங்கலாம், எலும்பும் மெலியலாம். அவளுக்கு எது பொருந்தும் என்று மரபுவழி வளர்சிதை நோய் நிபுணரிடம் கேளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கும் குழந்தைக்கு வாந்தி வந்தாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ சர்க்கரை இறங்கிவிடும். அன்று மருந்தை நிறுத்துவது பற்றி உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டில் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். 'குளுக்கோஸ் டிரிப் வேண்டும், ரிங்கர் லாக்டேட் ஏற்றக் கூடாது' என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி எப்போதும் கையில் வைத்திருங்கள். அவசரப் பிரிவில் பல நேரம் முதலில் ஏற்றுவது லாக்டேட் கலந்த இந்த ரிங்கர் டிரிப்பைத்தான். ஏற்கெனவே லாக்டேட் தேங்கிய உடம்பு அதைத் தாங்காது.