அமெரிக்காவில் ஒரு நகரமே கேபிள் டிவி நிறுவனத்தோடு உரிம ஒப்பந்தம் பேசும் என்கிறார்களே, அதில் நகரத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

நான் குடியிருப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகரம். இங்கே கேபிள் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. சம்பளம் கிடையாது, மேயர் நியமிப்பார். உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் அதில் இருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "அப்போ பில் குறையுமா?" என்பதுதான். குறையாது. அடிப்படைத் தொகுப்புக்கு மேலே உள்ளவற்றின் விலைக் கட்டுப்பாடு 1999 மார்ச்சோடு போய்விட்டது. இந்தச் சேனலைக் கொடு, அதை எடு என்றும் நகரம் சொல்ல முடியாது. நகரத்தின் கையில் இருப்பது தெரு மட்டும்தான். கம்பி ஓடுவது நகரத்துத் தெருவின் மேலேயும் கீழேயும். அதற்கு உரிமம் கொடுக்கும்போது பதிலுக்கு என்ன கேட்கலாம் என்பதை 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் சொல்கிறது. கேபிள் டிவி மொத்த வருவாயில் அதிகபட்சம் 5 சதவீதம் கட்டணம். பொதுமக்கள், பள்ளிகள், நகர நிர்வாகம் ஆகியோருக்கான சமூக சேனல்கள். அவற்றுக்குக் கேமரா, ஸ்டூடியோ வாங்கப் பணம். இது அந்த 5 சதவீதத்தில் சேராது. அப்புறம் எந்தெந்தத் தெருவுக்கு லைன் இழுக்க வேண்டும், புகார் வந்தால் எப்படிக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள்.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. 2005இல் டெக்சாஸும் 2006இல் கலிஃபோர்னியாவும் உரிமம் கொடுக்கும் வேலையை மாநில அளவுக்குக் கொண்டுபோய்விட்டன. நம் ஊர் ஆட்களுக்கு இந்த ஏற்பாடே புதிதாகத் தெரியும். இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி கேபிள்காரர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டு வந்தார். பேரம் பேசும் இடத்தில் நகராட்சி இருந்ததே இல்லை.

பேச்சுவார்த்தையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் முதல் கூட்டத்திலேயே கிடைத்தது. எங்கள் பக்கம் புகார் நிறைய இருந்தது: படம் உறைந்து நிற்கிறது, சொன்ன நாளில் ஆள் வருவதில்லை, பில்லில் ஏதேதோ சேர்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னோம். நிறுவனத்தின் வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை எங்களுக்கு எழுத்தில் எப்போது தெரிவித்தீர்கள்?" மேசையில் இருந்த எங்கள் கோப்பில் இரண்டு கடிதம் இருந்தது. பத்து வருட ஒப்பந்தத்துக்கு இரண்டு கடிதம். மற்றதெல்லாம் நகர அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்து, காற்றோடு போனவை.

அவர் கேட்டது சட்டப்படி சரி. புதுப்பிக்க மறுக்க வேண்டுமானால் நான்கு காரணங்களில் ஒன்று வேண்டும்: பழைய ஒப்பந்தத்தை மீறியது, சேவை மோசமாக இருந்தது, தொடர்ந்து நடத்தும் தகுதி இல்லாதது, ஊரின் வருங்காலத் தேவைக்கு அவர்கள் கொண்டுவந்த திட்டம் போதாதது. முதல் இரண்டைச் சொல்வதானால், குறையை முன்பே அறிவித்து, சரிசெய்ய வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது நான்காவதுதான், ஊரின் தேவை.

அதற்குத்தான் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். உரிமம் முடிவதற்கு 36 மாதம் முன்பு தொடங்கும் ஆறு மாத இடைவெளியில் முறைப்படி வேலையை ஆரம்பிக்கலாம். பெரும்பாலான ஊர்களில் கடைசியில் பேசித்தான் முடிப்பார்கள்; ஆனால் கூட்டத்தில் பதிவாகும் ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பேச்சில் பலம்.

ஒரு மழைநாள் இரவு, நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் கையால் வரைந்த வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் தெருவில் கம்பங்களுக்கு எண் போட்டு, கேபிள் எந்தக் கம்பத்தோடு நின்றுவிடுகிறது என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். அதற்கு அப்பால் ஆறு வீடு. ஒரு மைலுக்கு இத்தனை வீடு இருந்தால்தான் இலவசமாக லைன் இழுப்போம் என்பது பழைய ஒப்பந்த வாசகம். அந்த ஆறு வீடும் கணக்கில் வரவில்லை. அந்த ஒற்றைத் தாளைக் குறிப்பேட்டில் சேர்த்தோம். புது ஒப்பந்தத்தில் அந்த எண்ணிக்கை குறைந்தது. ஆறு வீட்டுக்கும் லைன் வந்தது. நாங்கள் பேசிய எந்தப் பேச்சையும்விட அந்தத் தாள் அதிகம் சாதித்தது என்று இன்றும் நம்புகிறேன்.

நானும் அன்று பேசினேன். எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் பொங்கல் விழாவைச் சமூக சேனலின் கேமராவை இரவல் வாங்கித்தான் பதிவு செய்தோம். நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்த ஒரு பாட்டி அதை டிவியில் மூன்று தடவை பார்த்தார் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது.

பணத்தில் கவனிக்க வேண்டியது "மொத்த வருவாய்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் கொடுக்கும் பொருள். விளம்பர வருமானமும், வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் சேனல்கள் தரும் கமிஷனும் அதில் உண்டா இல்லையா என்று தெளிவாக எழுதாவிட்டால் வருடா வருடம் நஷ்டம். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையையும் கேட்டு வாங்க வேண்டும். பள்ளிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் இலவச இணைப்பு என்பது இப்போது உண்மையில் இலவசம் இல்லை. அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் (FCC) 2019இல் அதன் மதிப்பையும் அந்த 5 சதவீதக் கட்டணத்துக்குள் சேர்த்துவிட்டது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவை மட்டும் கணக்கிடலாம், சந்தை விலையை அல்ல என்று கொஞ்சம் தளர்த்தியது.

எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. அதே கம்பி, அதே கம்பம். அதில் போகும் இணையத்துக்கு இந்தக் கட்டணம் இல்லை. 2002இல் ஆணையம் அதைக் கேபிள் சேவை இல்லை என்று பிரித்துவிட்டது. மக்கள் டிவி இணைப்பை விட்டு இணையத்துக்கு மாற மாற, சமூக சேனலுக்கு வரும் பணமும் குறைகிறது.

உங்கள் நகரத்துக்கும் இப்படி உரிமம் இருந்தால், அது முடியும் தேதியை நகர எழுத்தர் அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால் வரும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். புகார் வந்தால் தொலைபேசியில் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதி, நிறுவனத்துக்கு ஒரு பிரதி, மேயர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி.