ஊர்வலமும் பந்தோபஸ்தும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இருபது வருடமாக வழக்காடுகிறேன். ஊர்வல அனுமதி மனுக்கள் மாதம் ஒன்றிரண்டாவது என் மேசைக்கு வந்துவிடும். நேற்றிரவு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சொல்வது பொதுவான சட்டம். உங்கள் வழக்குக்கு உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள்.

கே: மேடம், ஊர்வலம் போவது அடிப்படை உரிமை என்கிறீர்கள். அப்புறம் எதற்கு ஸ்டேஷனில் போய் அனுமதி கேட்க வேண்டும்? (திண்டுக்கல்)

அரசியலமைப்பின் 19(1)(b) பிரிவு ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. 19(3) பிரிவு, பொது ஒழுங்குக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும். 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியது. அகமதாபாத்தில் ஒரு மாணவர் அமைப்பு கூட்டம் போட அனுமதி கேட்டது, போலீஸ் கமிஷனர் மறுத்தார். எந்த அளவுகோலும் இல்லாமல் கமிஷனர் இஷ்டப்படி மறுக்க இடம் தந்த விதியை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. எந்தத் தெரு, எத்தனை மணி, எவ்வளவு பேர் என்று ஒழுங்குபடுத்தலாம், தெருவையே மூட முடியாது என்பதுதான் அதன் சாரம். ஆக, அனுமதி கேட்பதில் தவறில்லை. கேட்டவுடன் 'முடியாது' என்று சொல்லிப் பழகிவிட்டார்களே, அதுதான் தவறு.

கே: எங்கள் மாவட்டத்தில் வருடம் பூராவும் '30(2) அமலில் உள்ளது' என்கிறார்கள். அது என்ன?

1861-ஆம் வருட போலீஸ் சட்டத்தின் பிரிவு. ஊர்வலம் நடத்துகிறவர் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று எஸ்.பி. அறிவிப்பு கொடுக்கலாம் என்கிறது. உரிமத்தில் நிபந்தனை போடலாம். படித்துப் பாருங்கள், ஊர்வலமே கூடாது என்று அதில் எங்கும் இல்லை. சென்னையில் இதே வேலையை 1888-ஆம் வருட நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு செய்கிறது. அங்கே ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். தடை போட்டால் அரசின் ஒப்புதல் இல்லாமல் பதினைந்து நாளைத் தாண்டாது. அதனால்தான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப் பத்திரிகைச் செய்தி வருகிறது!

கே: வக்கீலம்மா, நாங்கள் அமைதியாகத்தான் போகிறோம். ஆனால் 'எதிர்த்தரப்பு கல் எறிவார்கள், சட்டம் ஒழுங்கு கெடும்' என்று இன்ஸ்பெக்டர் மறுக்கிறார். கல் எறிகிறவனைத்தானே பிடிக்க வேண்டும்? (ராமநாதபுரம்)

இந்தக் கேள்விக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1882-இல் சேலத்தில் மசூதி வழியாக மேளத்துடன் சாமி ஊர்வலம் போவது குறித்துத் தகராறு முற்றிக் கலவரமானது. வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்குப் போனது. மாஜிஸ்திரேட் தன் அதிகாரத்தை உரிமையை நிறுத்திவைக்கப் பயன்படுத்துவதைவிட உரிமையைக் காப்பாற்றப் பயன்படுத்த வேண்டும், சட்டப்படி நடப்பவனைத் தடுப்பதைவிடச் சட்டத்தை மீறுகிறவனை அடக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பு அது. அதே 1882-இல் இங்கிலாந்தில் வெஸ்டன் என்ற கடற்கரை ஊரில் சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் பாட்டுப் பாடி ஊர்வலம் போக, 'எலும்புக்கூட்டுப் படை' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல் அவர்களை அடித்தது. போலீஸ் பிடித்தது பாட்டுப் பாடியவர்களை. அங்கேயும் மேல் கோர்ட் அவர்களை விடுவித்தது. பிறகு 1989-இல், ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கை பற்றிய ரங்கராஜன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது: போராட்டம் நடத்துவோம், வன்முறை வரும் என்று மிரட்டினால் பேச்சுரிமையை அடக்கிவிட முடியாது, அப்படி அடக்குவது மிரட்டலுக்குப் பணிவது.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் 2022-இன் ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்பு. அக்டோபர் 2-ஆம் தேதிக்கு அனுமதி கேட்டார்கள். உயர் நீதிமன்றம் அனுமதிக்கச் சொன்னது. இடையில் மத்திய அரசு பி.எஃப்.ஐ. (பாப்புலர் ஃப்ரண்ட் ஆஃப் இந்தியா) அமைப்பைத் தடை செய்ய, அதனால் வரும் பதற்றத்தைக் காட்டித் தமிழக அரசு மறுத்தது. நவம்பரில் தனி நீதிபதி, சுற்றுச்சுவருக்குள் நடத்திக்கொள்ளுங்கள் என்றார். 2023 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அரசே கொடுத்த பட்டியலில் பல வழக்குகளில் அந்த அமைப்பினர் பாதிக்கப்பட்டவர்களாகத்தான் இருக்கிறார்கள் என்று தீர்ப்பு சுட்டியது. ஏப்ரல் 16 அன்று 45 இடங்களில் அணிவகுப்பு நடந்தது.

அந்த அமைப்பின் கொள்கை எனக்கு ஒத்துவராது. ஆனால் அடுத்த மாதமே ஒரு மீனவர் சங்கத்துக்காக நான் கோர்ட்டில் நீட்டியது அந்தத் தீர்ப்பைத்தான். உங்களுக்குப் பிடிக்காதவனின் ஊர்வலத்தைத் தடுக்க ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்றால், நாளைக்கு அதே காரணத்தில் பெயரை மட்டும் மாற்றி உங்களுக்கும் டைப் அடித்துக் கொடுப்பார்கள். பெயரை மாற்ற மறந்தும் கொடுப்பார்கள். ஒருமுறை என் கட்சிக்காரருக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் மூன்றாவது பத்தியில் வேறொரு ஊரின் தேர்த்திருவிழா இருந்தது. கேட்டிருந்ததோ தொழிற்சங்க ஊர்வலம். கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்து மேலே தேதியை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். அதை நான் வாசித்ததும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரசு வக்கீலைப் பார்த்தார். வேறு வாதமே தேவைப்படவில்லை.

இன்ஸ்பெக்டர் சொல்வதில் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். போன வாரம்தான் அந்தத் தெருவில் வெட்டுக்குத்து நடந்திருந்தால், கையில் இருப்பது பதினெட்டு காவலர் என்றால், தேதியைத் தள்ளிவையுங்கள் என்று கேட்பது நியாயம். நிரந்தரமாக வேண்டாம் என்பது நியாயமில்லை.

கே: அக்கா, நான் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மாதம் மூன்று ஊர்வலம், ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஷட்டர் இறக்க வேண்டியிருக்கிறது. எனக்கு உரிமை கிடையாதா?

கட்டாயம் உண்டு. ஷாகின் பாக் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொதுச்சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமித்துப் போராட முடியாது என்றது. ஆனால் அதே நீதிமன்றம்தான் 2018-இல், டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டமே கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் முழுத் தடையை ஏற்காமல், நெறிமுறை வகுத்து நடத்தவிடச் சொன்னது. அரை மணி நேரம் நடந்து கடந்து போவது வேறு, பாதி நாள் நடுரோட்டில் உட்கார்ந்து பேசுவது வேறு. வணிகர் சங்கம் மூலமாக எஸ்.பி.க்கு எழுதுங்கள்: ஒரு பக்கச் சாலை திறந்திருக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும், பண்டிகைக்கு முந்தைய வாரம் வேறு ரூட் கொடுக்க வேண்டும். இவை அனுமதியிலேயே போடக்கூடிய நிபந்தனைகள். 'தடை செய்யுங்கள்' என்று எழுதாதீர்கள், அந்த மனு நிற்காது.

கே: கோயில் சப்பரம் எங்கள் தெருவுக்கு வரக் கூடாது என்று ஒரு தரப்பு சொன்னால்?

பொதுத்தெரு எந்த மதத்துக்கும் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கில் 2021-இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 1924-லேயே, வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கு மேல் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சில், அதற்குரிய சடங்குகளோடு மத ஊர்வலம் போகும் உரிமையை ஏற்றுக்கொண்டது, ஆனால் மற்றவர்கள் தெருவைப் பயன்படுத்துவதற்கு இடைஞ்சல் கூடாது, மாஜிஸ்திரேட் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற வரம்போடு. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி சப்பரத்துக்கும் உண்டு, மீலாது ஊர்வலத்துக்கும் உண்டு. வேண்டுமென்றே மசூதி வாசலில் நின்று அரை மணி நேரம் செண்டை அடிப்பது பக்தி இல்லை என்பது அடிப்பவருக்கே தெரியும்.

கே: 144 போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததுதானே?

இப்போது அது 144 இல்லை. 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 163-ஆவது பிரிவு. சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. நியாயமான கருத்தை அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது, காரணம் சொல்லி எழுத வேண்டும், உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020-இல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று தடையுத்தரவு அமலில் இருந்தது. மக்கள் கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு நான் எப்போதும் அந்த நாளைத்தான் சொல்வேன்.

கே: அனுமதியில்லாமல் போனோம், கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டார்கள். இப்போது எஃப்.ஐ.ஆர். இருக்கிறதாம். அரசு வேலைக்குப் போக முடியுமா? (தென்காசி)

மண்டபச் சாப்பாடு நன்றாக இருந்ததா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். உத்தரவை மீறியதாகப் போடும் வழக்கில் (பழைய ஐ.பி.சி. 188, இப்போது பி.என்.எஸ். 223) போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் எழுத்தில் கொடுக்கும் புகார் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் சொல்லி, அப்படிப் போட்ட எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்தது. உங்களுடையதையும் ரத்து செய்யக் கேட்கலாம். வேலை விண்ணப்பத்தில் வழக்கு இருப்பதை மறைக்காதீர்கள். சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மறைத்தால்தான் பெரிய தலைவலி.

கே: கரூருக்குப் பிறகு நிபந்தனைகள் கூடிவிட்டன. எத்தனை பேர் வருவார்கள் என்று மனுவில் எப்படி எழுதுவது?

உண்மையை எழுதுங்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் நடந்த கட்சிக் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்தார்கள். பத்தாயிரம் பேர் எதிர்பார்த்த இடத்தில் இருபத்தேழாயிரம் பேர் வந்தார்கள் என்றது காவல்துறை. எண்ணிக்கையைக் குறைத்து எழுதினால் கேட்ட இடம் கிடைக்கும், ஆனால் காவலர் எண்ணிக்கையும் அந்தக் கணக்குக்குத்தான் வரும். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். 'வைத்துவிட்டுப் போங்க, சொல்லி அனுப்புகிறோம்' என்பார்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மறுப்பு வந்தால், அந்தத் தாளின் பின்பக்கம் வாங்கிய நேரத்தைக் குறித்துவிட்டு என்னைப் போன்ற யாரையாவது எழுப்புங்கள்.