குதிரை விழுந்தால்தான் சிரிப்பு வருமா?

கேள்வி: எங்கள் பொய்க்கால் குதிரைக் குழுவை ஒரு ஸ்கூட்டர் விளம்பரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ராஜாவும் ராணியும் ஆடிக்கொண்டு வரும்போது ஹாரன் சத்தம் கேட்டு ராஜா மிரண்டு குப்புற விழ வேண்டுமாம். திருவிழாவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு சம்பளம். ‘ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்காதே’ என்று அப்பா தடுக்கிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்: வேலையை ஒத்துக்கொள்ளுங்கள். விழுகிற காட்சிக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நையாண்டி மேளம் முழங்க, கோமாளி வந்து ராஜாவைச் சீண்டிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது நம் ஆட்டக்களத்துக்குப் புதிதல்ல. அங்கே சிரிப்பு ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் கேட்பது வேறு: கட்டைக்காலில் நிற்கவே தெரியாதவராக உங்கள் ராஜாவைக் காட்டச் சொல்கிறார்கள். எந்தத் திறமைக்காகக் கூப்பிட்டார்களோ அதையே இல்லை என்று காட்டுவதற்கா சம்பளம்?

உடம்புக்கும் ஆகாது. கட்டையை இறுக்கிக் கட்டியபின் கணுக்கால் வளையாது. தோளில் தொங்கும் குதிரைக் கூடு இடுப்பை மறிப்பதால் கையைச் சட்டென்று ஊன்றவும் முடியாது. முட்டியும் மணிக்கட்டும்தான் அடிவாங்கும். சினிமா ஷாட் போல அதையே திரும்பத் திரும்ப எடுப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

மாற்றுக் காட்சியை நீங்களே கொண்டுபோங்கள். ஹாரன் அடித்தும் ராஜா அசராமல் ஆடுகிறார். ஸ்கூட்டர் அவர் அடிக்கு ஏற்ப வளைந்து வளைந்து வருகிறது. ராணி பின்சீட்டில் ஏறப் பார்க்க, குதிரைக் கூடு இடிக்கிறது. வண்டிக்கும் பெருமை, ஆட்டத்துக்கும் குறைவில்லை. இதை ஆடியே காட்டுங்கள், பேச்சில் புரியாது.

படப்பிடிப்பில் கவனிக்க வேண்டியவை சில. கேமரா இடுப்புக்கு மேலேயே நின்றால் கட்டைக்கால் தெரியாது. யாரோ பொம்மைக்குள் நின்று குதிப்பதாகத்தான் படும். ஒரு ஷாட்டாவது தலை முதல் கட்டை நுனிவரை வரட்டும். மேளக்காரர்களையும் அழைத்துப்போங்கள். மேளத்துக்கு ஆடியதன்மேல் பிறகு வேறு பாட்டை ஒட்டினால் அடிகள் தாளம் தப்பியதாகத் தெரியும். காட்சியை வேகமாக ஓட்டினால் இன்னும் மோசம். ஸ்டுடியோவின் வழவழப்பான தரையில் கட்டை வழுக்கும், அடியில் ரப்பர் ஒட்டுங்கள். கட்டைக்காலில் அசையாமல் நிற்பது ஆடுவதைவிடக் கடினம் என்பது டைரக்டருக்குத் தெரிந்திருக்காது. ஷாட்டுக்கு நடுவே உட்கார, கட்டையின் உயரத்துக்குத் தகுந்த உயரமான ஸ்டூல் கேளுங்கள்.

இனி ஒப்பந்தம். முதலில், ஸ்டோரிபோர்டை (காட்சிகளை வரிசையாகப் படம் வரைந்து காட்டும் தாள்) இணைத்து, ‘இதில் இல்லாத காட்சிக்குச் சம்மதம் இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். விளம்பரம் எத்தனை வருஷம் ஓடும், டிவியிலா, யூடியூபிலா, எந்த ஊர்களில் என்பதும் இருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் கொள்ளப்படும். வேகத்தை மாற்றுவதற்கும் வேறு இசை சேர்ப்பதற்கும் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி. அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று இன்னொரு வரி. சம்பளம் கோ-ஆர்டினேட்டர் (ஆட்களை ஏற்பாடு செய்து தருபவர்) வழியாக வராமல் ஒவ்வொருவர் வங்கிக் கணக்குக்கும் நேராக வரட்டும்.

கையெழுத்துக்குப் பிறகு வேறு மாதிரி வெட்டி ஒட்டினாலும் வழி இருக்கிறது. அதே பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, பெயருக்குக் களங்கம் வரும்படி நிகழ்ச்சியைத் திரித்தால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் கலைஞருக்கு உரிமை தருகிறது. கூட்டத்தில் ஒருவராக வந்து போனவருக்கும் இது உண்டு. ஆனால் 30 விநாடிக்குள் அடக்க நீளத்தைக் குறைத்தது திரித்தலாகாது. அதை வைத்து வழக்குப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

சாதியை இழிவுபடுத்தும் வசனமோ சைகையோ சேர்ந்திருந்தால் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். விளம்பரம் வந்த சேனல், தேதி, நேரம் இவற்றோடு போனில் எடுத்த வீடியோவையும் வைத்துக்கொள்ளுங்கள்.