டிக்கெட் வாங்காமலே பெருநகரம் பார்க்கலாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றில் ஒரு வாரம் தங்கப்போகிறோம். விமானத்துக்கும் அறைக்குமே கையிருப்பு தீர்ந்துவிடும் போலிருக்கிறது. கட்டணம் இல்லாத இடங்களை மட்டும் நம்பிப் போனால் ஊர் பார்த்த நிறைவு கிடைக்குமா?

பதில்: எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஊரை முடிவு செய்யும்போதே இந்தக் கணக்கையும் போட்டுவிடுங்கள். லண்டனில் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க 2001 டிசம்பரிலிருந்து யாருக்கும் கட்டணம் கிடையாது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் அத்தனையும் இலவசம். இந்த இரண்டு ஊர்களிலும் ஒரு வாரம் தாராளமாகப் பொழுது போகும், எதையோ தவறவிட்டோம் என்ற குறையும் இருக்காது. ரோம் வேறு மாதிரி. தேவாலயங்கள், சதுக்கங்கள், நீரூற்றுகள் பலவற்றைக் காசில்லாமல் பார்க்கலாம்; ஆனால் கொலோசியம் போன்ற பெயர்பெற்ற இடங்கள் பெரும்பாலும் டிக்கெட்டுக்குள்தான்.

அடுத்து, ‘இலவசம்’ என்று எழுதியிருந்தால் எப்படிப்பட்ட இலவசம் என்று பாருங்கள். எந்த நாளும் எந்த நேரமும் நேராக நுழையலாம் என்பது ஒன்று. கட்டணம் இல்லை, ஆனால் நேரச் சீட்டை முன்பதிவு செய்தாக வேண்டும் என்பது இன்னொன்று. வாஷிங்டனின் வான்-விண்வெளி அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் மறுபடி திறந்தபோது அப்படித்தான் திறந்தது; சீட்டு இல்லாமல் போனவர்கள் வாசலோடு திரும்பினார்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் இலவசம் என்பது மூன்றாவது. கட்டடம் இலவசம், உள்ளே நடக்கும் சிறப்புக் கண்காட்சிக்கு டிக்கெட் என்பது நான்காவது. லண்டனின் நவீன கலைக்கூடமான டேட் மாடர்ன் இந்த வகை. நீங்கள் பார்க்க நினைத்த ஓவியம் சிறப்புக் கண்காட்சியில் இருந்தால், இலவசம் என்ற பலகையால் உங்களுக்குப் பயனில்லை.

எந்தப் பட்டியலில் படித்தாலும், கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியன் 2023 ஜூலை வரை இலவசம், அதன்பின் கட்டணம். பழைய பயணக் குறிப்புகளில் அது இன்னும் இலவசமாகவே இருக்கிறது.

கேள்வி: மாதத்தில் ஒரு நாள் பெரிய அருங்காட்சியகங்கள் இலவசம் என்கிறார்கள். பயணத் தேதியையே அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். தேதி தானாக அமைந்தால் மட்டும் யோசியுங்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம். ஆனால் காலை 9 மணிக்குத் திறந்து பிற்பகல் 2 மணிக்கு மூடிவிடுவார்கள், 12:30-க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். வரிசை மதிலை ஒட்டி நீண்டுகொண்டே போகும். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று நுழைகிறவருக்கு, மேற்கூரை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சிஸ்டைன் கூடத்துக்குள் அண்ணாந்து பார்க்கத் தெம்பு இருக்காது, கூட்டத்தில் இடமும் இருக்காது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அரை நாள் விடுமுறையை விழுங்கிவிடும்.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் ஏற்பாடு ஓரளவு தேவலாம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் இலவசம், ஜூலை, ஆகஸ்ட் தவிர. இரவு 9 மணி வரை திறந்திருப்பதால் மூன்று மணி நேரம் கிடைக்கும். நேரத்தை முன்கூட்டிப் பதிந்துவிட்டு, ஒரே ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள். ஆர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

இவற்றைவிட எங்கள் பரிந்துரை, என்றைக்கும் இலவசமாக இருக்கும் இடங்களைச் சாதாரண வேலைநாளில் போய்ப் பார்ப்பது. பாரிஸ் நகராட்சியின் சொந்த அருங்காட்சியகங்களான பெத்தி பாலே, கார்னவாலே இரண்டிலும் நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணமே இல்லை. ஊரின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலேயில் பழைய கடைகளின் பெயர்ப்பலகைகளே ஓர் அறை நிறையத் தொங்கும். அவசரமில்லாமல் நின்று பார்க்கலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த இரண்டு கிழமைகளையும் குறித்து வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்றம் குறையும்.

கேள்வி: ஒரு தேவாலயத்துக்கு இணையத்தில் டிக்கெட் வாங்கினேன். நேரில் போனால் எல்லோரும் இலவசமாக நுழைந்துகொண்டிருந்தார்கள். விற்ற தளம் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறது. நான் எங்கே தவறினேன்?

பதில்: தேடலில் முதலில் வந்த இணைப்பை அழுத்தியிருப்பீர்கள். அது பெரும்பாலும் விளம்பரம். இலவச நுழைவோடு ஓர் ‘ஒலி வழிகாட்டி’யையோ ‘உதவியாளர் சேவை’யையோ சேர்த்து விற்பது இத்தகைய தளங்களின் வழக்கம். விற்றது சேவை, டிக்கெட் அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பணம் திரும்பக் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். வாங்கிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உறுதி மின்னஞ்சல், அந்த இடத்தின் சொந்தத் தளத்தில் ‘நுழைவு இலவசம்’ என்று இருக்கும் பக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து, முதலில் விற்ற தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் அதே கோப்புடன் உங்கள் கார்டு வங்கியில் கட்டண மறுப்பு (சார்ஜ்பேக், அதாவது பிடித்த பணத்தைத் திருப்பக் கோருவது) கேளுங்கள். சொன்ன சேவையே கிடைக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் வலு அதிகம். ஒலி வழிகாட்டியைத் தரவிறக்கிக் கேட்டுவிட்டீர்கள் என்றால் வாய்ப்பு குறைவு.

பாரிஸ் நோத்ர் தாம் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. தேவாலயத்துக்குள் நுழைய இலவசம், நேரம் பதிவதும் இலவசம், பதிவு இல்லாமலும் வரிசையில் நின்று போகலாம். கோபுரம் ஏறக் கட்டணம் உண்டு. தேவாலயத்துக்கான நுழைவுச் சீட்டு என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

நியூயார்க் ஸ்டேட்டன் தீவுப் படகும் அப்படித்தான். 1997-இலிருந்து பயணிகளுக்கு அதில் கட்டணமே கிடையாது. ஆனாலும் படகுத்துறைக்குப் போகும் வழியில் சீருடை மாதிரி ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு ‘டிக்கெட் இங்கே’ என்று மறிப்பவர்கள் உண்டு. நிற்காமல் நடந்து கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

கேள்வி: பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே விலையில் விற்கும் சிட்டி பாஸ் வாங்கினால் நூறு இடங்களுக்குமேல் ‘இலவசம்’ என்கிறார்களே?

பதில்: முன்பணம் கட்டிவிட்ட பிறகு அது எப்படி இலவசமாகும்? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் இல்லாவிட்டாலும் காசு கொடுத்துப் பார்த்தே தீருவேன் என்று நினைக்கும் இடங்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் வாசல் கட்டணத்தையும் எதிரே போட்டுக் கூட்டுங்கள். பாஸ் பட்டியலில் ஏற்கெனவே எல்லோருக்கும் இலவசமான அருங்காட்சியகமோ பூங்காவோ இருந்தால் அதை அடித்துவிடுங்கள். எண்ணிக்கையை ஏற்றிக் காட்ட அவற்றையும் சேர்ப்பது உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடங்களுக்குமேல் எழுதாதீர்கள், கால் தாங்காது. வந்த தொகை பாஸ் விலையைவிடக் குறைவு என்றால் பாஸ் வேண்டாம்.

நாள் கணக்கையும் பாருங்கள். சில பாஸ்கள் 24 மணி நேரத்தை ஒரு நாளாக எடுத்துக்கொள்ளும், சில காலண்டர் தேதியை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வகையை மாலை 4 மணிக்கு முதல்முறை ஸ்கேன் செய்தால் ஒரு முழு நாள் போய்விட்டது என்று அர்த்தம். பாஸ் இருந்தாலும் தனியாக நேரம் பதிய வேண்டிய இடங்கள் எவை என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலவச வாக்கிங் டூர் உண்மையிலேயே இலவசமா? காசு தராமல் வந்தால் தவறா?

பதில்: அது டிப்ஸை நம்பி நடக்கும் தொழில். அந்த வழிகாட்டிகளில் பலருக்குச் சம்பளம் கிடையாது. அதோடு, வரும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு தொகையை முன்பதிவு நிறுவனத்துக்கு வழிகாட்டியே கட்ட வேண்டிய ஏற்பாடும் பரவலாக இருக்கிறது. நீங்கள் நான்கு பேர் கூட நடந்துவிட்டு நடுவழியில் நழுவினால், அவர் கைக்காசு நாலு பேருக்கும் போகிறது. ஆகவே, தர மனமில்லை என்றால் போகாமலே இருப்பது நல்லது. இது எங்கள் உறுதியான கருத்து.

போவதானால் முதல் நாளே போங்கள். எந்தச் சந்தில் எது கிடைக்கும், எந்த ரயில் நிலையத்தில் எந்த வாசலால் ஏறினால் சுற்று குறையும் என்பதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அடுத்த ஆறு நாளுக்கும் உதவும். சரியான தலை எண்ணிக்கையைப் பதிந்து, வர முடியாவிட்டால் முந்தைய நாளே ரத்து செய்துவிடுங்கள். சில்லறை நோட்டாக வைத்துக்கொண்டால் முடிவில் தடுமாற வேண்டாம். ஒரு காசும் தர முடியாத நிலை என்றால், நகராட்சியோ நூலகமோ நடத்தும் நடைகளைத் தேடுங்கள். அங்கே தன்னார்வலர்கள் அழைத்துப் போவார்கள்.

கேள்வி: குழந்தைகளோடு போகிறோம். அருங்காட்சியகம் அவர்களுக்கு அலுத்துவிடும். உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பது, படகு, ஒளிக்காட்சி இப்படி ஏதாவது இலவசமாக உண்டா?

பதில்: நிறைய உண்டு. டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில், காட்சிக்கூடம் இலவசம். லண்டனில் உயரமான கட்டடம் ஒன்றின் உச்சியிலுள்ள ஸ்கை கார்டன் 2015-இல் திறந்தது. இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும். அடுத்த மூன்று வாரம் வரையான சீட்டுகளைத் திங்கட்கிழமைதோறும் வெளியிடுவார்கள். சூரியன் மறையும் நேரத்துச் சீட்டு வெகு சீக்கிரம் தீரும். ஆகவே அந்தத் திங்கட்கிழமையை இப்போதே அலைபேசியில் குறித்துவிடுங்கள்.

மேலே சொன்ன ஸ்டேட்டன் தீவுப் படகு 25 நிமிடப் பயணம், இரவு பகல் ஓடுகிறது. மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள், சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான் வரும். மறுகரையில் எல்லோரும் இறங்கித் திரும்ப ஏற வேண்டும். குழந்தை தூங்குகிறது என்று உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள். வேலைக்குப் போய்வருபவர்களின் நெரிசல் நேரத்தைத் தவிர்த்தால் கம்பியோரம் இடம் கிடைக்கும்.

சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை த பே வெளித்தோட்டத்துக்குக் கட்டணமில்லை, கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட். ராட்சத மரங்களின் ஒளி-இசைக் காட்சி இரவு 7:45-க்கும் 8:45-க்கும். கழுத்து வலிக்காமல் பார்க்க, மரங்களுக்கு அடியில் தரையில் ஒரு விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்துவிடுங்கள். குழந்தைகள் அதை மறக்கமாட்டார்கள்.

கேள்வி: இடங்கள் இலவசம்தான். ஆனால் பஸ், தண்ணீர், லக்கேஜ் என்று கரைந்துவிடுகிறதே?

பதில்: கரைவது அங்கேதான். முதலில் பயணச் செலவு. லண்டனில் கார்டையோ அலைபேசியையோ தொட்டுப் போனால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்குமேல் பிடிக்கமாட்டார்கள் என்ற உச்சவரம்பு உண்டு. ஆனால் காலையில் கார்டு, மாலையில் அலைபேசி என்று மாற்றித் தொட்டால் இரண்டும் ஒரே கணக்கானாலும் தனித்தனி ஆளாக எண்ணப்படும், வரம்பு எட்டாது. ஒரு கார்டில் இருவர் போகவும் முடியாது. சுரங்க ரயிலில் இறங்கும்போதும் தொட மறந்தால் அதிகபட்சக் கட்டணம் விழும். பெரியவரோடு வரும் 11 வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகள் வரை சுரங்க ரயிலில் இலவசம்.

மெல்போர்ன் இதற்கு நேர்மாறு. நகர மையத்தில் 2015-இலிருந்து டிராம் இலவசம். அந்த எல்லைக்குள் மட்டும் பயணம் என்றால் கார்டைத் தொடாதீர்கள். பழக்க தோஷத்தில் தொட்டால் கட்டணம் பிடித்துவிடும். எல்லை தாண்டுவதானால் கட்டாயம் தொட வேண்டும்.

தண்ணீருக்குப் பாட்டில் கையோடு இருக்கட்டும். ரோம் தெருக்களில் 1874-இலிருந்து வைக்கப்பட்ட ‘நசோனி’ குழாய்கள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. இரும்புத் தூணிலிருந்து மூக்கு மாதிரி வளைந்த குழாயில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குனிந்து வாய் வைக்க வேண்டாம். நுனியை விரலால் அடைத்தால் மூக்கின் மேலுள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டு மேலெழும், நின்றபடி குடிக்கலாம். வேகமாக அடைத்தால் சட்டை நனையும்.

பெரிய பெட்டியோடு அருங்காட்சியகம் போகாதீர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சக்கரப் பெட்டியை வளாகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். கடைசி நாள் அறையைக் காலி செய்தபின் பெட்டியைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று வந்த அன்றே கேட்டுவிட்டால், ரயில் நிலையத்து லாக்கர் செலவு மிச்சம்.

கேள்வி: தெருவில் ஒருவர் இரண்டு மேடைக் காட்சி டிக்கெட் இலவசம், ஒரு ‘சிறு விளக்கக் கூட்டம்’ மட்டும் கேட்டால் போதும் என்றார். போகலாமா?

பதில்: வேண்டாம். விடுமுறை இல்லத்தின் பங்கை விற்கும் கூட்டம் அது. ஒன்றரை மணி நேரம் என்பார்கள், கையெழுத்துப் போடும்வரை இழுப்பார்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றே ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் காலக்கெடுவைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 10 நாள். தொலைபேசியில் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் குறித்துள்ள முகவரிக்கு, அதில் சொன்ன முறையில், எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.